கனெக்டரில் தேங்காய் எண்ணெய்

மெஷின் கனெக்டரின் மூடியைக் கழற்றியதும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. காறிப்போன தேங்காய் எண்ணெய். செத்த எறும்பும் தலைமுடியும் தூசியும் அதில் சேர்ந்து, ஊசி ஊசியாக நிற்கும் பின்களுக்கு நடுவே வெள்ளையாக உறைந்து கிடந்தது. பன்றிக் கொழுப்பு மாதிரி.

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில், முந்திரிக்கொட்டை உடைத்த பழைய அண்டி ஆபீஸ் கட்டடத்து மாடியில்தான் எங்கள் கம்பெனி. கடலில் ஆபத்து என்றால் வள்ளத்திலிருந்து கரைக்குச் சேதி அனுப்பும் கருவி இருக்கிறதே, பழுதானால் அதற்குள் மாற்றிப் போடுகிற சர்க்யூட் போர்டுகளை இங்கே சோதித்து அனுப்புகிறோம். சோதிப்பது மெஷின். போர்டை ஒரு தட்டில் வைத்து, தட்டை மெஷினின் வாயில் பொருத்தி லீவரை அழுத்த வேண்டும். தட்டின் கனெக்டரும் மெஷினின் கனெக்டரும் பின்னும் துளையுமாகக் கவ்விக்கொள்ளும். கவ்வினால்தான் மெஷினுக்குப் போர்டு தெரியும். திரையில் பச்சை வந்தால் நல்லது, பச்சை ஸ்டிக்கர் ஒட்டலாம். சிவப்பு வந்தால் கழிவு.

மழை தொடங்கியதும் லீவர் இறுகிவிட்டது. தொங்கினாலும் இறங்காது. சூப்பர்வைசர் ஜெப்சன்தான் வழி சொன்னான்: "கொஞ்சம் தேங்கா எண்ண விட்டுப் பாருங்க, எளகிரும்." அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. ஷட்டர் இறுகினாலும், தையல் மெஷின் இறுகினாலும், பிள்ளைக்குக் கழுத்து பிடித்துக்கொண்டாலும் நாங்கள் அதைத்தானே தடவுகிறோம்? என்னோடு வேலை செய்யும் தஸ்ரின் வீட்டிலிருந்து குப்பியில் கொண்டுவந்து விட்டாள். லீவர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சிரித்தோம்.

பிறகு புது ஏசி வந்தது. அறை குளிர்ந்தது, லீவரிலிருந்து கனெக்டருக்குள் வழிந்திருந்த எண்ணெய் உறைந்தது. அன்று காலையிலிருந்து எந்தப் போர்டை வைத்தாலும் சிவப்பு. அதனால்தான் மூடியைக் கழற்றினேன்.

ஜெப்சன் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். அடுத்த நொடியே முகம் தெளிந்துவிட்டது.

"அப்போ போர்டுக்கு ஒண்ணும் இல்ல, கனெக்டருதான் கேடு. எல்லாத்துலயும் பச்சைய ஒட்டுங்க."

"அது எப்பிடி சாரே? கேடான போர்டும் இதுக்குள்ள கெடக்குமே. மெஷினுக்குக் கண்ணே தெரியல்லியே."

"வண்டி கீழ நிக்கு. புது கனெக்டர் பெங்களூர்லேருந்து வரணும். சும்மா ஒட்டுங்கக்கா. எங்கயாவது ஒண்ணு ரெண்டுதான் கேடு இருக்கும்."

"அந்த ஒண்ணு போற வள்ளத்துல நீங்க ஏறுவியளா?"

"எனக்குக் கடலக் கண்டாலே வாந்தி வரும்" என்று சொல்லி அவனே சிரித்தான். பல் இடுக்கில் நேந்திரங்காய் வத்தல் தெரிந்தது. சிரித்தபடியே போனில் பேச வெளியே போனான்.

திரும்பிப் பார்த்தால் தஸ்ரின் ஒட்டத் தொடங்கியிருந்தாள். அவள் புருஷன் உபைத் தேங்காப்பட்டணத்திலிருந்து கடலுக்குப் போகிறவன்.

"ஏட்டி, நீயா ஒட்டுத? உபைத்துக்க வள்ளத்துக்கும் இதுலேருந்துதானே போவும்?"

"மெதுவா பேசுங்கக்கா." கதவைப் பார்த்துக்கொண்டாள். "அவியளுக்கு ஒண்ணு தனியா எடுத்து வச்சிருக்கேன். ஏசி வருததுக்கு முந்தி பச்ச வந்தது. அங்க வள்ளத்துல மாத்திப் போடுறது எனக்க மச்சான்தான். அவன் கையில நேரா குடுத்துருவேன்."

"மத்தவங்களுக்கு?"

"எண்ண விட்டது ஆருன்னு கேட்டா சாரு எனக்க பேரத்தானே சொல்லுவாரு? வேல போனா நீங்க சோறு போடுவியளா?"

சொல்லிவிட்டு இன்னொரு ஸ்டிக்கரை ஒட்டினாள். சுருக்கம் விழாமல் கட்டைவிரலால் நீவி நீவி ஒட்டினாள். அந்த நீவலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஜெப்சன் மேல் வந்த அருவருப்பு சாக்கடையைப் பார்ப்பது போல, மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடலாம். இது சோற்றுக்குள் புழு கிடந்த மாதிரி இருந்தது. தினமும் இவள் தூக்குப் பாத்திரத்திலிருந்துதான் எனக்கு மீன்குழம்பு ஊற்றுவாள்.

ஆணியில் தொங்கிய அவள் பையைத் திறந்தேன். துணியில் சுற்றி வைத்திருந்த போர்டை எடுத்து, துணியை உருவிவிட்டு, அனுப்ப வைத்திருந்த பெட்டிக்குள் போட்டேன். இரண்டு கையையும் விட்டு நன்றாகக் கலக்கினேன். எல்லாம் ஒரே போர்டு, ஒரே பச்சை.

"அக்கா! என்ன செஞ்சிய!"

"எடுத்துக்க மக்கா. உனக்க போர்டு எதுன்னு பாத்து எடு."

ஒன்றை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள். இன்னொன்று. அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க ஒரு மனுசியா?" என்றாள்.

நான் கையைத் துணியில் துடைத்தேன். செய்தது நல்ல காரியம் என்று எனக்கும் தோன்றவில்லை. எத்தனை துடைத்தும் கையில் அந்த நாற்றம் போகவில்லை.

தஸ்ரின் ஒரு ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை வைத்து உரித்தாள். அடுத்ததையும் உரித்தாள்.

வண்டிக்காரன் லிஜின் வாசலில் வந்து, "ஏத்தட்டா?" என்றான். பின்னாலேயே ஜெப்சன்.

"ஏய், என்ன வேல காட்டுத? பைத்தியமா உனக்கு?"

தஸ்ரின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எண்ண விட்டது நான் சாரே. விடச் சொன்னது நீங்க. ஆருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. இதுல ஒண்ணும் கடலுக்குப் போவாது."

"கேக்கிறியா லிஜின் இவ பேச்ச?"

லிஜின் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நான் போயிட்டு வாறேன் சாரே" என்று இறங்கிப் போய்விட்டான்.

நான் எதிரே உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினேன். தஸ்ரின் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. கீழே வெறும் வண்டி கிளம்பிப் போனது. ஜன்னல் ஓரமாக நின்று ஜெப்சன் முதலாளிக்குப் போன் போட்டான். குரல் தேனாக இருந்தது.

"இந்த லேபர் பொம்பளைங்கதான் சார்... ஆமா சார், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்... விடாதீங்கன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார்."