தாளம் இல்லாத அரைமணி நேரம்

நகரியில் நான்கு விசைத்தறி ஓட்டுகிற உமாபதிக்கு சங்கீதத்தில் ஒரே வீம்பு: தாளமே கூடாது. பிறந்த நாளிலிருந்து காதில் இடிக்கிற தறிச் சத்தத்தின்மேல் அவனுக்கு அப்படி ஒரு வெறுப்பு. ஐந்து வருஷமாக, தறி ஓட்டிக்கொண்டே, எந்தத் தாளத்துக்கும் அடங்காத அரைமணி நேரப் பாட்டு ஒன்றைக் கட்டினான். வித்வான்கள் சிரித்தார்கள். திருப்பதியில் சபா நடத்தும் நளினி மட்டும் வீட்டுக்கே வந்து, தறிகள் ஓட ஓடக் கேட்டுவிட்டு, "மேடை தர்றேன். நல்லா அமைஞ்சா எங்க மியூசிக் ஸ்கூல்லயே வேலை" என்றாள். தறியை விட்டு வெளியே போக அவனுக்கிருந்த வழி அது ஒன்றுதான்.

தறிக்கு லீவு விடுகிற அமாவாசையன்று கச்சேரி. காலையில் தெருவே அடங்கிக் கிடந்தது. நிம்மதியாக ஒருமுறை பாடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தான். முதல் வரி வந்தது. இரண்டாவதை எங்கே எடுப்பது என்று தெரியவில்லை. மறுபடி ஆரம்பித்தான்; அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னாயா, வாயத் தொறந்துக்கினு சும்மா குந்திக்கினு கீற?" என்றாள் மனைவி தேவசேனா.

"வரலடி."

அவள் எழுந்து போய்த் தறி சுவிட்சைப் போட்டாள். தறி ஓடியதுதான் தாமதம், பாட்டு மடமடவென்று வந்தது. தப்பித்து ஓடுவதற்கென்று கட்டிய பாட்டையும் தறிச் சத்தத்தின் மேலேயே கட்டியிருக்கிறான், பாவி.

"அமாவாசையும் அதுவுமா எவடி அது மிஷின் போட்டது?" என்று எதிர்வீட்டு ரத்தினம்மா கத்தினாள். உமாபதிக்கு அவமானத்தில் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தை, ரத்தினம்மாவின் வசவோடு சேர்த்து, அரைமணி நேரம் போனில் பதிவு செய்தான்.

சாயங்காலம் திருப்பதியில் ஏசி ஹால். காதை மூடிய முடிக்குள் இயர்போனை ஒளித்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தான். "தாளத்திலிருந்து விடுதலை பெற்ற இசை" என்று நளினி அறிவித்தாள். அவன் காதில் தறி ஓடியது. நடுநடுவே ரத்தினம்மா திட்டினாள். பாட்டு ஓரிடத்திலும் பிசகவில்லை. சபையில் தொடை தட்டிப் பழகியவர்கள்கூடத் தட்ட இடம் அகப்படாமல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்து பார்த்தான்.

முன்வரிசையில் தேவசேனா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவளுடைய வலது கால் மட்டும், அவன் காதில் ஓடுகிற தறியோடு ஒரு அடிகூடப் பிசகாமல், தட்டிக்கொண்டே இருந்தது.