ஏழாவது வரிசை

ஆறு வரிசை ரோஜாவிலும் மொட்டு நிறம் காட்டிவிட்டது. ஏழாவதில் மட்டும் பாதிச் செடிகள் பட்டாணி அளவுப் பச்சை மொட்டோடு நின்றன. காதலர் தினத்துக்குப் பத்து பெட்டி அனுப்புவதாக ஏற்றுமதிக்காரர் தேசிகனிடம் சொல்லியிருந்தேன். என் முதல் ஆர்டர். பதினொரு மணிக்கு போன் செய்வார், உறுதி சொல்ல வேண்டும். குறைந்தால் அடுத்த வருஷம் என் பேரைக்கூட நினைக்கமாட்டார்.

நகரத்து அடுகோடியிலிருந்து அத்திபெலே தோட்டத்துக்கு தினமும் வேன் ஓட்டி வந்து, பாதி நாள் செடியோடும் பாதி நாள் போனோடும் மல்லுக்கட்டுகிறவள் நான். போன டிசம்பரில் ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கினேன். இனி இரண்டையும் ஒன்றாகவே பார்த்துவிடலாம் என்று அதில் ஏகப்பட்ட பெருமை வேறு.

சொட்டுக்குழாயில் டம்ளர் பிடித்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே அளவு. இலையைப் புரட்டினேன், பூச்சி இல்லை. பயம் போய், என்னதான் ஆயிற்று என்று தெரிந்தே ஆகவேண்டும் போல இருந்தது. மண்டியிட்டு, டிசம்பரில் கிளைகளை வெட்டிவிட்ட கவாத்தின் தழும்புகளைத் தேடினேன். மேஸ்திரி கோவிந்தப்பாவின் வரிசைகளில் வெட்டெல்லாம் முழங்கால் உயரம். ஏழாவது நான் வெட்டியது. பசுமைக்குடிலின் மூன்றாவது தூண் வரை ஒழுங்கு. பிறகு முப்பது நாற்பது செடிக்கு ஒரு சாண் கீழே. மறுபடி ஒழுங்கு, மறுபடி இறக்கம், இப்படி மூன்று தடவை. தாழ வெட்டினால் பூ ஒரு வாரம் தள்ளிப்போகும் என்பது எனக்குத் தெரியாததா?

போனைத் தோளில் இடுக்கிக் குனிந்தால் கை தானாகத் தாழ்கிறது. அன்று முதல் இறக்கத்தில் போனில் பேங்க் மேனேஜர். இரண்டாவது, அட்டைப்பெட்டி அச்சடிக்கிறவர். மூன்றாவது என் அண்ணன் டெஸ்மண்ட். விவசாயமெல்லாம் உனக்கு எதற்கு என்று அரை மணி நேரம். அவனுக்கு மட்டும் நூறு செடி. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

"கோவிந்தப்பா, இதைப் பாத்தீங்களா?"

"அன்னிக்கே பாத்தேன் மேடம்."

"சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க போன்ல இருந்தீங்க. கொஞ்ச நேரம் சும்மா நின்னேன், போயிட்டேன்."

இடுப்பில் போன் அடித்தது. என் கையிலிருந்த கவாத்துக் கத்தரியை அவரிடம் கொடுத்தேன். அவர் நகரப் பார்த்தார்.

"போகாதீங்க, இருங்க," என்றேன். பிறகுதான் போனை எடுத்தேன்.

"சார், யூனிஸ் பேசறேன். பத்துல ஒரு பெட்டி குறையும்."

தேசிகன் கணக்கு நோட்டைப் புரட்டுவது கேட்டது. கோவிந்தப்பா கத்தரியை மூடிப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு பச்சை மொட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது.