ஜோடி கிடைக்காத ஆள்

எழுபத்தொன்பதாம் வருஷம் என் வீட்டுக்காரர் ஆதிகேசவனுக்குக் கன்னத்தில் புற்றுநோய். வேலூரில் அறுத்தார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். கடைசியில் டாக்டர், "நோய் போயிடுச்சு, வேலைக்குப் போகலாம்" என்றார். எனக்கு அன்று தெருவில் ஓட வேண்டும் போலிருந்தது.

மழை விட்டும் தூவானம் விடவில்லை.

ஆம்பூரில் அவர் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில், ஈரத்தோலைப் பலகையில் விரித்து ஆணி அடிப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் இந்தப் பக்கம் இழுத்தால் மற்றவர் அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்பதை ஆட்களே பேசிக்கொள்வார்கள். முதலாளி மக்பூல் அகமது, "தாராளமா வா. ஜோடி மட்டும் நீயே பாத்துக்கோ" என்றார்.

பழைய ஜோடி கங்காதரன் எங்கள் வீட்டில் தின்று வளர்ந்தவன். "ஒரே செம்புல தண்ணி குடிக்கிறோம். நான் புள்ளகுட்டிக்காரண்ணே" என்று நழுவினான்.

"புற்றுநோய் ஒட்டாதுடா! டாக்டரே சொன்னாரு!" என்று ஷாப் வாசலிலேயே கத்தினேன்.

"டாக்டரம்மா வந்துட்டாங்கடா" என்று உள்ளேயிருந்து ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பாவிகள். எவனும் ஜோடி சேரவில்லை.

"நான் இன்னா பொணமா, சாவித்திரி?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

பிறகு மேஸ்திரி பரந்தாமன் சொல்லியனுப்பினார்: "ஒரு ஆள் கெடச்சிருக்கான், நாளைக்கு வா." என் வீட்டுக்காரர் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். சோற்றுத் தூக்கோடு நானும் கூடப் போனேன்.

கேட்டருகே மேஸ்திரியோடு கவுஸ் பாஷா நின்றிருந்தார். டிபிக்கு மருந்து முடித்து, குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியே வேலைக்கு அனுப்பிய ஆள். அவரோடும் யாரும் ஜோடி சேரவில்லை. சிரித்துக்கொண்டே வந்து கையை நீட்டினார்.

என் வீட்டுக்காரர் பின்வாங்கினார். தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "டிபி ஒட்டிக்குமே மேஸ்திரி?" என்றார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தும் தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு! அவரை அங்கேயே அறையலாம் போலிருந்தது.

கவுஸ் பாஷா கையை மடக்கிக்கொண்டார்.

"உன்னப் பத்தி நானும் மேஸ்திரிய இதத்தாண்ணே கேட்டேன்" என்றார். "ஒட்டாதுன்னு சொன்னாரு. நம்பி வந்தேன்."

அவர் ஒரு பக்கம் போனார், நாங்கள் ஒரு பக்கம் வந்தோம். மேஸ்திரி கேட்டைச் சாத்திக்கொண்டார்.