மடங்காத சுண்டுவிரல்

மேற்கே சாய்ந்த கதிரவன், மருத்துவமனையின் உயர்ந்த புகைபோக்கியைச் செம்பொன்னாய்த் தீட்டி, அதன் பின்புறச் சலவைக்கூடத்துச் சாளரங்களில் தீக்கொழுந்தென எரிந்து, தெருவின் எதிர்ப்புறம் நின்ற ஆடலரங்கின் வெண்படிகளில் வந்து ஓய்ந்த வேளை. அப்படிகளில் ஒருத்தி, காற்று பட்ட கனல்போன்ற நெஞ்சினளாய் ஏறிக்கொண்டிருந்தாள். கற்றறிந்தீர், அவள் ஆடலாசிரியை. துணி மடிக்கும் பெண்களின் கையசைவுகளை ஏழாண்டுகள் அச்சலவைக்கூடத்தில் நின்று நோக்கி, ஏடு ஏடாய் எழுதி, அவற்றினின்று ஓர் ஆடலை நெய்தவள். படித்துத் தருவதாக அவ்வேடுகளை வாங்கிய அரங்கத் தலைவர், இன்று அவ்வாடலைத் தம் படைப்பென்று அறிவித்து, பன்னிரு பெண்களை ஆடவிட்டு ஒத்திகை காண்கிறார். வாயிற் சுவரொட்டியில் அவள் பெயர் எறும்பளவும் இல்லை.

சான்றுக்கென அவள் அழைத்துவந்தவள், சலவைக்கூடத்தின் மூத்த மடிப்புக்காரி.

"எதுக்குடி இவ்ளோ வேகம்? படி என்ன ஓடியா போகுது?"

"நீங்க பாத்தா போதும்க்கா. அது யார் கைன்னு உங்களுக்கே தெரியும்."

உள்ளே, மேடையில் வெண்துணிகள் அலையென எழுந்து, சரிந்து, மடிந்தன. ஒவ்வொரு மடிப்பின் முடிவிலும் பன்னிரு வலக்கைகளிலும் சுண்டுவிரல் மட்டும் நாணற்குருத்தெனத் தனித்து நிமிர்ந்தது. ஆடலாசிரியையின் குருதி கொதித்தது. அவ்விரலன்றோ அவள் ஆய்வின் முடிமணி! துணியின் விளிம்பைக் காக்கும் நுண்கலை என்று அதற்கே ஒன்பது பக்கம் எழுதியிருந்தாள்.

மடிப்புக்காரி வாய்பொத்திச் சிரித்தாள்.

"ஏண்டி, இத்தனை பொண்ணுங்களுக்குமா உருளைல விரல் மாட்டிச்சு?"

"என்னக்கா சொல்றீங்க?"

"என் விரலத்தானே பண்றாங்க? நீ வர்றதுக்கு முன்னாலயே தேய்ப்பு உருளைல நசுங்கினது. அன்னிலேந்து மடங்காது. நீ கேக்கவேயில்லயே!"

ஆடலாசிரியை அவள் வலக்கையைத் திரும்பி நோக்கினாள். அதற்குள் அரங்கத் தலைவர் கைகூப்பி வந்துவிட்டார்.

"வாங்கம்மா. முகமெல்லாம் செவந்திருக்கு? கலை எல்லாருக்கும் பொதுதானே?"

"அந்த விரல் எதுக்கு நிமிருது? அத மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

"அதுவா? விளிம்பக் காக்கற நுண்கலை. நானே கண்டுபிடிச்சது."

மடிப்புக்காரி தன் வலக்கையை அவர் முகத்தெதிரே நீட்டினாள். தோல் சுருங்கி, நகமிழந்து, காய்ந்த சுள்ளியென நின்றது அவ்விரல். "இதாய்யா உன் கலை? அன்னிக்கு நான் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

மேடையில் துணிகள் நின்றன.

களவு கையும் மெய்யுமாய்ப் பிடிபட்டது. ஆயினும் வென்றவளின் நெஞ்சில் வெற்றியில்லை. அவர்மேல் மூண்ட சினம் அணுவும் தணியாது நிற்க, அதனினும் கொடியதொன்று அவள்மேலேயே திரும்பிற்று. அவர் திருடியது அவளது பிழையை. அவள் அழகென்று எழுதியதோ இன்னொருத்தியின் வலியை.

"ஏட்டக் குடுங்க," என்றாள், கையை நீட்டி. "ஒம்பது பக்கம் கிழிக்கணும்."

ஏழாண்டுகள் இமையாது நோக்கிய விழிகள் அவளுடையவை. ஒரே ஒருமுறை, "ஏன் அக்கா?" என்று கேட்க, அத்தனை காலத்தில் அவளுக்கு வாய் வரவில்லை.