மேனகாவின் மீன் டப்பா

லாஸ்பேட்டையிலிருந்து தேங்காய்த்திட்டுக்கு எவர்சில்வர் டப்பாவும் கையுமாக மேனகா மீன் வாங்க வருவது இது மூன்றாவது ஞாயிறு. இனி ஒரு பிளாஸ்டிக் கவர்கூட வீட்டு வாசப்படி ஏறக்கூடாது என்று வைராக்கியம்.

முதல் ஞாயிறு, மீன் விற்கும் பச்சையம்மாள் சங்கரா மீனை ஆய்ந்து கவரில் போட்டு, கவரை டப்பாவுக்குள் பத்திரமாக வைத்தாள். "புது டப்பாம்மா, கவிச்சி ஏறிடும்" என்றாள்.

மறுவாரம் மேனகா கறாராகச் சொன்னதால் மீன் நேராக டப்பாவுக்குள் போனது. ஆனால் அவள் பணம் அனுப்ப ஃபோனைக் குனிந்து பார்த்த நேரத்தில், பச்சையம்மாள் டப்பாவையே கவருக்குள் இறக்கி முடிச்சுப் போட்டுவிட்டாள். "தண்ணி வடிஞ்சா உன் வண்டி நாறிப்பூடும்."

இன்றைக்கோ மேனகா வாயைத் திறக்கும் முன்பே உள்ளே ஒரு கவர், வெளியே ஒரு கவர்.

"அக்கா, கவர் வேணாம்னுதானே நான் டப்பாவே எடுத்தாறேன்?"

"தெரியும்மா. இவ்ளோ சுத்தம் பாக்குற பொண்ணுக்கு ஒத்தக் கவர்ல குடுக்க எனக்கு மனசு வரல."

கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று மேனகாவுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் வெறுங்கையோடு வந்து நின்ற ஆள், ஒரே ஒரு கவரில் கிழங்கா மீனை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

மேனகா அவர் முதுகைப் பார்த்தாள். தன் டப்பாவைப் பார்த்தாள். எவ்வளவு யோசித்தும், கவரைக் குறைக்க ஒரே வழிதான் தெரிந்தது. அடுத்த ஞாயிறு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.