ஒளிக்க என்ன இருக்கு

கூடலூர்க் கல்யாண மண்டபத்தில் அந்த முகாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வந்து பதிந்துகொள்ள வேண்டும், பதியாதவர்களுக்கு இனித் தோட்டத்துக் கேட் திறக்காது என்று ஜீப் ஓட்டுகிற வீரணன் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். அதனால் மண்டபம் நிறைந்துவிட்டது. மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்த ஆரோக்கியம்மாள் தலையில் முக்காட்டுடன் நின்றாள். அவளுக்குப் பின்னால் மாரீஸ்வரி. இரண்டு பேரும் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரே ஜீப்பில் மலையேறி, ஒரே வரிசையில் காய் எடுத்து, ஒரே தூக்குவாளியில் சாப்பிடுகிறவர்கள்.

ஒரு மேசையில் சர்க்கார் ஆட்கள். அடுத்த மேசையில் பதிவு எடுக்கிற கம்பெனியின் நீலச் சட்டைப் பையன்கள். அவர்களோடு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பெனிஷாவும் உட்கார்ந்திருந்தாள். ஆதார் எண்ணைச் சொல்ல வேண்டும், முகத்தைக் காட்ட வேண்டும், செல்போனுக்கு வருகிற நம்பரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வெளியே போகும்போது ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா.

வரிசை நன்றாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. மருந்தடிக்கிற கர்ணன் மேசைக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"தம்பி, எம் மூஞ்சி, நம்பரு எல்லாம் எங்கன போகுது? யாரு யாரு பாப்பாக?"

"சர்வர்ல இருக்கும்ணே. சேஃப்."

"அந்தச் சர்வரு எங்கன இருக்கு?"

பையன் முழித்தான். பின்னால் சிரிப்பு கிளம்பியது. மாரீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏண்ணே, நீ என்ன கள்ளக்கடத்தலா பண்ணுற? அன்னாடம் களை வெட்டிக் கஞ்சி குடிக்கிற சனம். நம்மகிட்ட ஒளிக்க என்ன இருக்கு? மூஞ்சியக் காமிச்சிட்டு நகருண்ணே!"

மண்டபமே சிரித்தது. கர்ணன் வரிசையை விட்டு வெளியே போய்விட்டான். தான் சொன்னதற்கு அத்தனை பேர் சிரித்தது மாரீஸ்வரிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மேசையில் பெனிஷா என்னென்னவோ கேட்டாள். இவள் "ம், ம்" என்றாள். வந்த நம்பரைச் சொன்னாள். டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

ஒளிக்க ஒன்று அவளிடமும் இருந்தது. அந்த நேரத்தில் அது அவளுக்கே நினைவில் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் லோயர் கேம்ப் வாய்க்காலில் குளிக்கப் போன அவள் மகன் அஜய்குமாரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. பாலிடெக்னிக் கடைசி வருஷம். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு மாரீஸ்வரி தூங்குவதை மறந்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பாள். ஒருநாள் வாய்க்கால் கரையில் தனியாக நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்தான் புருஷன் முத்துக்குமரன். மறுநாளே தேனிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மனநலப் பிரிவு என்று பலகை போட்ட அறைக்குள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நுழைந்தாள். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக மாத்திரை சாப்பிட்டாள். அக்கம்பக்கத்தில் தைராய்டு என்று சொல்லிக்கொண்டார்கள். பிறகு தூக்கம் வந்தது. பசி வந்தது. டாக்டரம்மாவே மாத்திரையை நிறுத்தினார்கள். மறுபடி ஜீப்பேறினாள். ஆரோக்கியம்மாளுக்குக்கூட அந்தச் சங்கதி தெரியாது.

முகாம் முடிந்து, மழை ஓய்ந்து, இரண்டாம் எடுப்புக் காய் பறிக்க ஆரம்பித்த சமயம். தோட்டத்துக் கேட்டில் இப்போதெல்லாம் மலையாளத்துச் சூப்பர்வைசர் ஜாஸ்பர் கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு நிற்பான். ஒவ்வொருவராக முகத்தைக் காட்ட வேண்டும். பச்சை வட்டம் வந்தால் உள்ளே போகலாம். அன்றைக்கு மாரீஸ்வரி முகத்தைக் காட்டியபோது மஞ்சள் வட்டம் வந்தது. ஜாஸ்பர் போனைத் தன் பக்கம் திருப்பி என்னவோ படித்தான். அவளை ஒருமுறை பார்த்தான். மறுபடி படித்தான்.

"சேச்சி, நீங்க இன்னிக்கு மேல சரிவுக்குப் போகண்டா. ஸ்டோர்ல காய் பொறுக்குங்க."

"ஏன் சார்? எனக்கு ஒண்ணும் மேலுக்குச் சரியில்லாம இல்லையே."

"ஒண்ணுமில்ல சேச்சி. புதுசா ஒரு ரூல் போட்டிருக்காங்க."

காய் உலர்த்துகிற ஸ்டோரில் பகல் முழுக்க அனலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஜீப்பில் ஏறியபோதே ஏதோ மாறியிருந்தது தெரிந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் உட்கார வழக்கத்தைவிடக் கூடுதலாக இடம் விட்டார்கள். மாரீஸ்வரியின் மடியில் கிடந்த களைவெட்டியை ஆரோக்கியம்மாள் மெல்ல எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட இருக்கட்டும் மாரி. நீ சும்மா சாஞ்சுக்க."

அந்தக் குரலில் இருந்த பரிவுதான் மாரீஸ்வரிக்கு உறைத்தது. நோயாளியிடம் பேசுகிற குரல்.

"என்னக்கா? என்ன சொன்னாக ஒங்ககிட்ட?"

ஆரோக்கியம்மாள் காதோரம் குனிந்து சொன்னாள்: "நீ மனசு சரியில்லாம மாத்திர சாப்பிட்டியாம்ல? அந்தப் போன்ல வருதாம். சரிவுல ஏறுறவ, கையில வெட்டு சாமான் வச்சிருக்கவ, கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடி."

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் இறங்க இறங்க, மூன்று வருஷம் தான் பொத்திவைத்திருந்த துக்கத்தை யாரோ எடுத்துக் கேட்டில் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருந்தது மாரீஸ்வரிக்கு.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பெனிஷாவின் கடைக்குப் போனாள்.

பெனிஷா நல்ல பெண். ஸ்டூலை இழுத்துப்போட்டு, தண்ணீர் கொடுத்து, கம்ப்யூட்டரில் தேடிப்பார்த்தாள். திரையில் மாரீஸ்வரியின் முகம் வந்தது. அதற்குக் கீழே ஒரு வரியை விரலால் காட்டினாள்.

"ஒடம்பு சம்பந்தப்பட்ட விவரத்தையும் சேத்துக்கிறதுக்குச் சம்மதம்னு இருக்குக்கா. அன்னிக்கு நீங்க நம்பர் சொன்னீகள்ல, அதுதான் சம்மதம். அத வச்சு ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் இதுல வந்து சேந்துருச்சு."

"நான் என்னத்தக் கண்டேன்? நீ வாசிச்சுச் சொன்னியா?"

பெனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தன பேருக்கு எப்படிக்கா வாசிக்கிறது? யாருமே கேக்கல. எனக்கே அதுல என்ன இருக்குன்னு முழுசாத் தெரியாது."

"சரி, அழிச்சிரு."

"அத மட்டும் அழிக்க முடியாதுக்கா. மொத்தப் பதிவையும் எடுக்கலாம். எடுத்தா கேட் தொறக்காது. மலைமேல இருக்க எல்லா ஏலத்தோட்டத்துக்கும் இதே கம்பெனிதான்."

அன்று சாயங்காலம் முத்துக்குமரனிடம் சொன்னபோது அவன், "விட்டுரு. தெரிஞ்சது தெரிஞ்சு போச்சு. பேசப் பேச இன்னும் நாலு பேருக்குத் தெரியும்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் மாரீஸ்வரியால் விட முடியவில்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு வாங்குவார்கள். தனியாளாகப் போனால் ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள், ஜீப்பே சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கேட்காமல் இருக்க முடியாது என்று நினைத்தாள். முதலில் கர்ணனைத் தேடிப்போனாள். அன்றைக்குக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். அவனை விரட்டியது தான்தான் என்ற கூச்சமும் கூடவே வந்தது.

கர்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் கையெழுத்துப் போட முடியாது தாயி."

"ஏண்ணே? நீதான அன்னைக்குக் கேட்ட?"

"கேட்டேன். அப்பறம் ஒரு ஜீப்புக்காரனும் ஏத்தல. வீட்டுல உக்காந்து பாத்தேன், முடியல. போன மாசம் போயி நானும் மூஞ்சியக் காமிச்சிட்டேன். இப்பக் கையெழுத்துப் போட்டா மறுபடி கீழ எறக்கிருவாக." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை ஜீப்பில் ஏறியதும் வீரணன் வண்டியை எடுக்கும் முன்பே மாரீஸ்வரி பேசினாள். அவளுக்கு ஜீப்பில் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

"எனக்கு நடந்தது ஒங்க எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு ஒங்களுக்கும் நடக்கும். நம்ம சீட்ட யாரு பாக்குறாக, எதுக்குப் பாக்குறாகன்னு கேட்டு ஒரு மனு எழுதியிருக்கேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒருத்தி, "அவுகளுக்குத் தெரியாதது என்ன இருக்கு? செருப்பு வாங்கணும்னு பேசுனா போன்ல செருப்பா வருது" என்றாள். இன்னொருத்தி, "நேரமாகுது, அப்பறம் பேசுவோம்" என்றாள். வீரணன் கண்ணாடியில் பார்த்தபடியே, "என் வண்டிக்குப் பேரு கெட்டுப்போகும் தங்கச்சி" என்றான். கடைசியில் ஆரோக்கியம்மாள்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"விடு மாரி. ஒனக்கு ஏதோ இருந்துச்சு, வந்துருச்சு. நம்மள மாதிரி சனத்துகிட்ட ஒளிக்க என்ன இருக்கு?"

மாரீஸ்வரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஆரோக்கியம்மாளின் மகள் ஷெரினுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கரு தங்கிக் கலைந்தது. கடமலைக்குண்டில் தன் சித்தி வீட்டில் வைத்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆளோடு ஆளாக நின்று பார்த்துக்கொண்டது மாரீஸ்வரிதான். ஷெரின் இப்போது கம்பத்தில் புருஷன் வீட்டில், மாமியார் மெச்ச வாழ்கிறாள். அந்தச் சீட்டிலும் பேர் இருக்கிறது, ஆதார் எண் இருக்கிறது.

"ஏங்க்கா, ஒங்க மக ஷெரின்..." என்று வாயெடுத்துவிட்டாள்.

ஆரோக்கியம்மாளின் முகத்தில் ரத்தம் வற்றியது. ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் இவர்கள் இருவரையும் பார்த்தார்கள். இன்னும் இரண்டே வார்த்தை போதும். ஒளிக்க என்ன இருக்கிறது என்பது எல்லாருக்கும் விளங்கிவிடும். மாரீஸ்வரியின் நாக்கு நுனியில் அது நின்றது.

"...நல்லா இருக்காள்ல?" என்று முடித்தாள்.

"இருக்கா" என்றாள் ஆரோக்கியம்மாள்.

மாரீஸ்வரி மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

திங்கள்கிழமை தேனிக்குத் தனியாகவே போனாள். மனுவைப் பதிகிற இடத்தில் கூட்டம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் மனுவை வாங்கி, தட்டுவதற்கு வசதியாகச் சத்தம்போட்டுப் படிக்க ஆரம்பித்தார். "மகன் இறந்த துக்கத்தில் மனநலச் சிகிச்சை எடுத்துக்கொண்ட என்னுடைய..." வரிசையில் நின்றவர்கள் எட்டிப்பார்த்தார்கள். அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தி, "மெதுவாப் படிக்கட்டுமாம்மா?" என்றார்.

"படிங்க சார்" என்றாள் மாரீஸ்வரி. முந்தானை தோளிலேயே கிடந்தது. "நானே சொல்றதுன்னா எனக்கு வெக்கமில்ல. கேக்காம எடுத்ததுதான் குத்தம்னு எழுதியிருக்கேன்."

அவர் தலையாட்டினார். தட்டி முடித்ததும் அவளுடைய போன் நம்பரைக் கேட்டார்.

பதில் அந்த நம்பருக்குத்தான் வந்தது. மனு சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது, மனுதாரரின் சம்மதம் பெறப்பட்டுள்ளதால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று. வாசித்துச் சொன்ன பெனிஷா, "மேல எழுதலாம்க்கா. ஆனா எத்தன மாசம் ஆகுமோ" என்றாள். மாரீஸ்வரி மேலேயும் எழுதச் சொன்னாள். கூடவே, மொத்தப் பதிவையும் எடுக்கச் சொன்னாள். "நல்லா யோசிச்சுக்கங்க" என்று பெனிஷா இரண்டுமுறை கேட்டாள். எடுத்தாயிற்று. ஏற்கெனவே போனது எங்கெங்கே போயிருக்கிறது என்று பெனிஷாவுக்கும் தெரியவில்லை.

அதிலிருந்து அவள் ஊருக்குக் கீழ்ப்பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறாள். கூலி குறைவு. பந்தலுக்குக் கீழே பகல் முழுக்கக் கையைத் தூக்கியே நிற்க வேண்டும். முதல் வாரம் கழுத்து கழன்றுவிடும்போல் வலித்தது. தோட்டக்காரர் நல்ல மனுஷன். முகத்தைக் காட்டச் சொல்லவில்லை, இதுவரைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரோக்கியம்மாள் பந்தலுக்குள் குனிந்து வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மாரீஸ்வரியின் பக்கத்தில் நின்றாள்.

"மாரி, அன்னைக்கு நீ கேட்டியே... அது போன்ல வருமாடி? ஷெரின் மாமனாரு போற பஞ்சு மில்லுலயும் இதையே கொண்டுவந்துட்டாகளாம். வீட்டாளுக எல்லாரையும் பதிஞ்சிருக்காகளாம்."

"எனக்குத் தெரியலக்கா."

"அந்தப் பெனிஷாகிட்ட மெதுவாக் கேக்கலாமா? நான் கேட்டேன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"கேக்கலாம். ஷெரின் பதிவ எடுக்கணும்னா அவதான் வரணும். ஏன் எடுக்குறேன்னு வீட்டுல கேப்பாக. ஒங்க பதிவ எடுத்தாலும் அவளோடது போகாது, ஒங்களுக்குக் கேட்டும் தொறக்காது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "மேல எழுதியிருக்கேன்க்கா. ஒங்க கையெழுத்தையும் சேத்தா..."

ஆரோக்கியம்மாள் பந்தலில் தொங்கிய பிஞ்சுக் கொத்து ஒன்றை விரலால் தொட்டபடி நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"வேணாண்டி. இருந்துட்டுப் போகுது. எத்தனையோ பேரோட பேரு அதுல கெடக்கும். நம்மளயா தேடிப் பாக்கப் போறாக?"

மாரீஸ்வரி கத்தரியை எடுத்து அடுத்த கொத்தில் நெருக்கமாக இருந்த பிஞ்சுகளைக் கழிக்க ஆரம்பித்தாள். ஆரோக்கியம்மாள் நாளைக்கு ஜீப் சீக்கிரமே வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு, வந்தது போலவே குனிந்து வெளியே போனாள்.