சொல்தா வண்டியின் பேட்டரி

இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாளாகியிருந்தது. லாரி பேட்டரி ஒன்றை இறக்கும்போது நறுக்கென்றது. அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் குனிய முடியவில்லை. மில்லில் பதினான்கு வருஷம் நின்றபடியே வேலை பார்த்த உடம்பு. ஆள் குறைப்பில் வெளியே தள்ளப்பட்ட பிறகு உப்பளம் பேட்டையில் ஒரு கொட்டகை போட்டு, லாரி பேட்டரிகளுக்கு ஆசிட் ஊற்றிச் சார்ஜ் ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொன்பதாம் வருஷம் அது.

அந்த நிலையில்தான் வீராயி வந்து நின்றாள். குருசுக்குப்பத்து மீன்காரி.

"கண்ணையா, சொல்தா வண்டி செத்துப்போச்சி. வந்து பாரு."

"இடுப்பு செத்துக் கெடக்குதுக்கா."

"இடுப்ப வெச்சா பேட்டரி மாட்டப்போற? கையி இருக்குதுல்ல, வா."

அந்த வண்டியை டவுனில் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா ஒருவர், அதாவது சிப்பாய், கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த வேன். உருண்ட மூக்கு. உள்ளே படுக்கப் பலகை, தலைமாட்டில் ஒரு விளக்கு, பூப்போட்ட ஜன்னல் திரை, காப்பி போட ஒரு சின்ன அடுப்பு. எஞ்சின் பின்பக்கம் இருக்கும். சொல்தா காலமானதும் அவர் சம்சாரம் விற்றார். வீராயி, அஞ்சலாட்சி, சின்னப்பாப்பா மூன்று பேரும் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து வாங்கினார்கள். மீன்கூடையைக் கண்டால் பஸ் கண்டக்டர் ஏற்றமாட்டான். கரையில் ஏலம் எடுத்து விழுப்புரம் மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த வண்டிதான் கதி. அடுப்பு இருந்த இடத்தில் இப்போது ஐஸ் பெட்டி இருந்தது. திரையை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை.

வண்டியின் பின்மூடியைத் திறந்து பார்த்தேன். பேட்டரி வயிறு வெடித்துக் கிடந்தது. ஆறு வோல்ட். லாரிக்கும் காருக்கும் பன்னிரண்டு வோல்ட்டுதான் கடையில் கிடைக்கும். மெட்ராஸில் சொல்லிவைத்தால் வர ஒரு வாரம் ஆகும் என்றேன்.

வீராயி மூடிமேல் கையை ஊன்றிக்கொண்டாள். "ஒரு வாரம்லாம் ஆவாது. ஏற்கெனவே ரெண்டு வாட்டி வழியில நின்னுடுச்சி. இன்னொரு வாட்டி நின்னா வித்துட்டுப் பங்கப் பிரிச்சிக்கலாம்னு அவளுவ ரெண்டு பேரும் சொல்லிட்டாளுவ. அப்புறம் நான் மறுபடி கூடையத் தூக்கிக்கிட்டு கண்டக்டர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கணும். எனக்கு இனிமே அது முடியாது. நீதான் எதனா செய்யணும்."

செய்தேன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு ஆறு அறை. கொட்டகையில் லாரிக்காரன் போட்டுவிட்டுப்போன ஒன்றில் மூன்று அறை செத்திருந்தது, மூன்று உயிரோடு இருந்தது. ரம்பத்தால் பெட்டியைக் குறுக்கே அறுத்து, உயிருள்ள மூன்றை மட்டும் எடுத்து, அறுத்த வாயை அடைக்கத் தார் காய்ச்சி ஊற்றினேன். மூன்று அறை சேர்ந்தால் ஆறு வோல்ட். இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி மறுநாள் மத்தியானம் கொண்டுபோனேன். எஞ்சினுக்குப் பக்கத்துப் பொந்தில் அது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

இனி ஒயர் மாட்டவேண்டியதுதான். நான் கை வைத்த பழைய லாரிகளில் எல்லாம் பிளஸ்தான் பாடிக்குப் போகும். அந்தப் பழக்கத்திலேயே பாடி ஒயரை எடுத்துப் பிளஸ்ஸில் வைத்தேன். வளையம் சின்னதாக இருந்தது, இறங்கவில்லை. ஸ்க்ரூட்ரைவரை விட்டு நெம்பி, அகலப்படுத்தி, தட்டி இறக்கினேன். இறங்காத ஒன்று ஏன் இறங்கவில்லை என்று யோசித்திருக்கவேண்டும். குனிய முடியாத இடுப்போடு சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

டிரைவர் உத்திராபதி சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு, வண்டி எடுத்துக்கொண்டது. வீராயி டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். உத்திராபதி மட்டும் ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருந்த மீட்டர் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, இந்தச் செவப்பு லைட்டு அணையமாட்டேங்குதே. முன்னல்லாம் எஞ்சின் ஓடுனா அணைஞ்சிடும்."

"புதுசா மாட்டுனதுல்ல, ஓட ஓட சரியாப்பூடும்" என்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அஞ்சலாட்சி கொட்டகைக்கு ஓடிவந்தாள். வளவனூரைத் தாண்டியதும் முன்விளக்கு மங்கி, மங்கி, வண்டி நின்றுவிட்டதாம்.

"எல்லாம் அந்தக் கட்டையில போற உத்திராபதியால. வண்டியிலதான படுக்குறான்? குடிச்சிட்டுத் தலமாட்டு வெளக்க எரியவுட்டுத் தூங்கியிருக்கான். பேட்டரி பூராத்தையும் குடிச்சிட்டான். கரையில நாலு பேருகிட்ட சொல்லிட்டுத்தான் வர்றேன். இனிமே எவன் அவன வேலைக்கு வெக்கிறான்னு பாக்குறேன்."

புல்லட் மோட்டார் பைக் பேட்டரி ஆறு வோல்ட்டுதான். சார்ஜுக்கு வந்திருந்த ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன்.

வண்டி சாலையோரம் நின்றது. ஐஸ் உருகிக் கதவிடுக்கில் சொட்டியது. வீராயியும் சின்னப்பாப்பாவும் ஈரச்சாக்கை மீன்மேல் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நூறடி தள்ளிப் புளியமரத்தடியில் உத்திராபதி உட்கார்ந்திருந்தான். சாவியை வண்டிக்குள் எறிந்துவிட்டுப் போனானாம்.

மூடியைத் திறந்தேன். நான் நெம்பி அகலப்படுத்திய வளையம் கண்ணில் பட்டது. பிளஸ் முனை எப்போதும் கொஞ்சம் தடிமன். அந்த வளையம் சின்ன முனைக்குச் செய்தது. இந்த வண்டியில் பாடிக்குப் போகவேண்டியது மைனஸ். தலைகீழாக மாட்டியிருக்கிறேன். எஞ்சின் ஓடும், ஆனால் பேட்டரிக்கு ஒரு சொட்டு ஏறாது. டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும் சார்ஜ் பெட்டியைத் திறந்தால் உள்முனைகள் கருகியிருந்தன. சிவப்பு விளக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"வெளக்க எரியவுட்டுட்டான். அதான?" என்றாள் வீராயி.

"இருக்கும்" என்றேன்.

இப்படி ஒரு சொல் என் வாயிலிருந்து வந்தது.

முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். புல்லட் பேட்டரியைச் சரியான பக்கம் மாட்டினேன். அந்தச் சின்னப் பேட்டரி ஸ்டார்ட்டரைச் சுற்றாது, தள்ளித்தான் எடுக்கவேண்டும். ஸ்டீயரிங்கில் உட்கார ஆள் வேண்டும்.

"அவன் வரமாட்டான். நான் வெளக்கமாத்தால அடிக்காத கொறையா பேசிட்டேன்" என்றாள் வீராயி. சின்னப்பாப்பா, "விடு, இதோட வித்துடலாம்" என்றாள். வீராயி சாக்கைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டிருந்தது.

மரத்தடிக்குப் போனேன். உட்கார முடியாததால் நின்றுகொண்டே சொன்னேன். "உத்திராபதி, தப்பு ஒன்மேல இல்ல. நான் ஒயர மாத்தி மாட்டிட்டேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "லைட்டு அணையலன்னு நான் சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"நேத்து நான் ஒரு சொட்டு தொட்டவன் இல்லண்ணே. எம் பொண்ணுக்குக் காய்ச்சல், வூட்டுல இருந்தேன். வண்டியில படுக்கவே இல்ல. சொன்னா எவ கேக்குறா?" எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். "எங்கிட்ட சொல்லி என்னா பண்றது? அங்க வந்து சொல்லு."

அந்த நூறடி நடந்து வந்தது நினைவிருக்கிறது. மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன். பழக்கத்தில் மாற்றி மாட்டியது, வளையத்தை நெம்பியது, விளக்கைப் பற்றி அவன் கேட்டது, சற்றுமுன் நான் 'இருக்கும்' என்றது, எல்லாவற்றையும்.



"தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு என்னய்யா, வாயில கொழுக்கட்டையா?" என்றாள் வீராயி. பிறகு உத்திராபதி பக்கம் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்க்காமல், "ஏறுடா. பொண்ணுக்குக் காய்ச்சல்னு எங்கிட்ட சொல்லக்கூடாதா? சங்கரா மீனு ரெண்டு எடுத்துவெக்கிறேன், கொழம்பு வெச்சிக் குடு" என்றாள்.

நான்கு பேரும் தள்ளினோம். இடுப்பில் கத்தி இறங்கியது, விடவில்லை. வண்டி இருமி, குலுங்கி, எடுத்தது. ஜன்னல் வழியே உத்திராபதி கத்தினான்: "அணைஞ்சிடுச்சி! செவப்பு அணைஞ்சிடுச்சி!"

விழுப்புரத்தில் மீன் பாதி விலைக்குத்தான் போனது. மிச்சத்தைக் கருவாட்டுக்குப் போட்டார்கள். "வண்டியில பழுது இல்ல, கண்ணையா கையிலதான் பழுதுன்னு தெரிஞ்சிபோச்சில்ல, அப்புறம் எதுக்கு விக்கிறது?" என்று வீராயி கேட்டதும் மற்ற இருவரும் விற்கும் பேச்சை விட்டார்கள். வண்டி அவர்களிடமே இருந்தது. உத்திராபதியும் டிரைவராகவே இருந்தான்.

ஆனால் அஞ்சலாட்சி அன்று கரையில் சொல்லிவிட்டு வந்தது அங்கேயே தங்கிவிட்டது. 'பேட்டரி குடிச்சவன்' என்று அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வலை இழுக்கிறவன்கூடக் கூப்பிட்டுச் சிரிப்பான். அஞ்சலாட்சி மறுத்துச் சொல்லிப் பார்த்தாள். ஏலச் சத்தத்தில் அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. உத்திராபதி ஒரு நாள் கொட்டகைக்கு வந்து, "அண்ணே, கரையில வந்து ஒரு வாட்டி நீயே சொல்லிடு" என்றான். வருகிறேன் என்றேன், போகவில்லை. மீன் ஏற்றும் லாரிக்காரர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் அங்குதான் நிற்பார்கள். பிளஸ் மைனஸ் தெரியாதவன் என்று அவர்கள் காதில் விழுந்தால் என் கொட்டகைக்கு யார் வருவார்கள்?

மூன்று வருஷம் ஆகிறது. குருசுக்குப்பத்துக் கரையில், ஏலம் நடக்கும் நேரத்தில், எல்லோர் காதிலும் விழும்படி, தப்பு என்னுடையது, உத்திராபதியுடையது இல்லை என்று நான் சொல்லவேண்டும். அந்தக் கடனை இன்னும் தீர்க்கவில்லை.